தட்டுறது யாரு

செப்டம்பர் 9, 2024, திங்கள்

நாங்கள் இருக்கும் முதியோர் இல்லத்தில் புதுக் கட்டட வேலை. ஒன்பதே காலுக்குக் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் ஆரம்பித்தது. பழைய சன்ஷேடை உடைக்கிறார்கள். முதல் அடிக்கே என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "யாரோ கதவத் தட்டறாங்க. தம்பியாத்தான் இருக்கும், போய்த் திறங்க." திறந்து காட்டினேன். வெராந்தாவில் யாருமில்லை. வந்து உட்கார்ந்தேன். மறுபடியும். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினேழு தடவை திறந்து மூடியிருக்கிறேன்.

செப்டம்பர் 10

இருபத்திரண்டு.

செப்டம்பர் 11, புதன்

காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு ஹாலில் கூட்டம். "சார் பி.டபிள்யூ.டி.யில ஓவர்சியரா இருந்தவர், அவரும் உக்காரட்டும்" என்று வார்டன் அம்மா கூப்பிட்டார். இன்ஜினியர் பொண்ணு, கான்ட்ராக்டரின் ஆள், சிஸ்டர், நான். டீ ஆறிப்போயிருந்தது.

வரைபடத்தை விரித்ததும் கண்ணில் பட்டது இரண்டு படி. புதுக் கட்டடத்தின் தரை பழையதைவிட ஒரு அடி உயரம். மழைத் தண்ணீருக்குப் பயந்து உயர்த்தியது சரிதான், கெடிலம் ஆற்றுப் பக்கத்தில் கட்டுகிறவன் வேறென்ன செய்வான்? ஆனால் மறதிக்காரர்களுக்கென்று கட்டும் பகுதிக்குப் போகிற வழியில் படி வைத்தால் வீல்சேர் எப்படிப் போகும்? சாய்தளம் வேண்டும், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், குறைத்தால் தள்ளுகிற ஆயாம்மாவின் முதுகு போய்விடும் என்றேன். அந்தப் பொண்ணு வாதாடவில்லை. பென்சிலை எடுத்துப் படியை அடித்துவிட்டுச் சாய்தளம் போட்டது. எனக்கு வேலையில் இருந்த காலம் திரும்பிவிட்ட மாதிரி ஒரு துள்ளல்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பன்னிரண்டு அடி எங்கே வருகிறது? எங்கள் அறை வாசலில். அவள் உட்காரும் சிமெண்டுத் திண்ணை மேலே.

செப்டம்பர் 12

திண்ணையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நானே கேட்டு வாங்கியது.

செப்டம்பர் 14, சனி

சத்தத்துக்கு நேரம் குறித்தாகிவிட்டது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை உடைப்பு கிடையாது. சாயங்காலம் நாலரைக்கு மேலும் கிடையாது. இரண்டாவதைக் கேட்டு வாங்கியது சிஸ்டர். ஐந்து மணி தாண்டினால் இவளுக்கு ஊரே மாறிவிடும். திருப்பாதிரிப்புலியூரில் அப்பா வீட்டுக்குப் போகணும் என்று பையைத் தேடுவாள். அந்த நேரத்தில் பிரேக்கரும் ஓடினால் யாராலும் சமாளிக்க முடியாது.

ஏழாம் நம்பர் வாத்தியார் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு இப்ப ஊரே அமைதி சார்" என்று சிரிக்கிறார். கொடுத்துவைத்தவர்.

செப்டம்பர் 17

இன்று முப்பத்தொன்று. கோபம் வந்து, "யாரும் தட்டல, சும்மா படு" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. என்னை யாரோ மாதிரி பார்த்தாள். அழுதிருக்கலாம்.

செப்டம்பர் 18, புதன்

ராத்திரி டியூட்டி ஆயாம்மா விடியற்காலை கஞ்சி கொண்டுவந்தபோது கேட்டாள். "தட்டறது யாருன்னு தெரியாமத்தானே ஐயா அம்மா தவிக்கிறாங்க? ஆளக் காட்டிட்டா?"

ஒரு வாரமாகக் கூட்டம் போட்ட எங்கள் நான்கு பேருக்கும் இது தோன்றவில்லை. இந்த ஆயாம்மாவை இதுவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டதுமில்லை.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார். தலையில் துண்டு, கையில் சுத்தியல். மூன்று தட்டு தட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "அம்மா, நாந்தான் தட்றேன். சாயந்திரம் வரிக்கும் தட்டுவேன். பயப்படாதீங்க."

"சாப்ட்டியா?" என்றாள்.

"ஆச்சும்மா."

இன்று ஆறு.

செப்டம்பர் 19

நான்கு.

செப்டம்பர் 23, திங்கள்

எலக்ட்ரீஷியன் யாரிடமும் சொல்லாமல் மெயினை இறக்கிவிட்டான். நான்காம் அறைப் பெரியவரின் ஆக்சிஜன் மிஷின் கூவ ஆரம்பித்தது. சிஸ்டர் செருப்பில்லாமல் ஓடினார். சிலிண்டரை மாட்டி முடிக்கும்வரை வெராந்தாவில் ஒருத்தர் பேசவில்லை. பெரியவருக்கு ஒன்றுமில்லை. பையனுக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது. பத்தொன்பது வயது இருக்கும், அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவனுக்கு யார் சொன்னார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு ஒரு பிளக்கில் தொங்குகிறது என்று?

சாயங்காலமே முடிவானது. மெயின் பெட்டிக்குப் பூட்டு, சாவி சிஸ்டர் கழுத்தில். கரண்டை நிறுத்த வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லி, ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் சாவி வாங்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

கூரை கான்கிரீட். நடுவில் நிறுத்த முடியாத வேலை, விடிந்ததிலிருந்து பம்ப்பும் வைப்ரேட்டரும் ஓயாது. நடக்க முடிந்தவர்களை வேனில் ஏற்றித் திருவந்திபுரம் தேவநாதசுவாமியைத் தரிசிக்க அனுப்புவதாகத் திட்டம். எல்லாருக்கும் சந்தோஷம். காலை ஆறரைக்கு இட்லி கட்டிக் கொடுக்கும்போது சமையல் அக்கா, "புரட்டாசி சனிக்கிழமைன்னு யாருக்குமே ஞாபகம் இல்லியா? மொட்டையடிக்கிற கூட்டத்துல வேன் அடிவாரத்துக்கே போவாதே" என்றாள். திங்கட்கிழமையே சமையல்கட்டில் சொன்னாளாம். சமையல்கட்டு பேச்சு எந்த வரைபடத்தில் ஏறுகிறது?

வேன் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் திரும்பியது. அவளும் போனாள். நான் போகவில்லை. கான்கிரீட் பார்க்காமல் இருக்க முடியவில்லை, உண்மை அதுதான். மதியம் வந்தவள் காலெல்லாம் மணல். "நீங்க ஏன் வரல?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 1

கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது. தினமும் பார்த்துச் சொல்லும் பொறுப்பு வாத்தியாருக்கு. ஏணி ஏற விடமாட்டார்களே, கீழேயிருந்து மேஸ்திரியைக் கூவிக் கூவிக் கேட்கிறார். பதில் கேட்பதற்காகவே காது மிஷின் மறுபடி காதுக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 7

கூரையைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கலாமா என்று கான்ட்ராக்டர் ஆள் கேட்கிறார். தீபாவளிக்குள் பூச்சு முடிக்கணுமாம். பதினைந்தடி அகலத்துக்கு மேல் போன தளம், பதினாலு நாள் முட்டு நிற்க வேண்டும். இன்ஜினியர் பொண்ணு முடியாது என்றது. அவர் என் பக்கம் திரும்பினார். "நானும் முடியாதுன்னுதான் சொல்வேன்" என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பிரேக்கருக்குச் சந்தனம், குங்குமம். மேஸ்திரி ஒரு பொட்டலம் பொரி கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். வேலை இல்லாத நாள். ஒன்பது மணிக்கு அவர் தட்டாததால் பத்து மணிவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் வந்தார் என்று ஆயாம்மா சொன்னாள்.

தம்பி என்ற பேச்சை எடுத்து மூன்று வாரமாகிறது. நிம்மதி என்றுதான் எழுத வேண்டும்.

அக்டோபர் 22

திண்ணையை உடைத்துவிட்டார்கள். அவள் தூங்கும்போது, ஒரு மணிக்கு முன்னாலேயே. ஈரச் சாக்கு போட்டு, பாலிதீன் கட்டி, தூசி தெரியாமல். எழுந்து வெளியே வந்தவள் இருந்த இடத்தில் உட்காரப் போனாள். பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 31

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கெல்லாம் மேஸ்திரியைத் திட்டினாள்.

நவம்பர் 14

பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. 25 மி.மீ. இடைவெளி விட்டு, மேலே தகடு போட்டு மூடுவார்கள். அது அதன் போக்கில் இறங்கும், இது இதன் போக்கில் நிற்கும். இதை நூறு தடவை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். இன்று சிஸ்டர் கேட்டது வேறு: "தகடு தூக்கிக்கிட்டிருந்தா வாக்கர் சக்கரம் இடறாதா சார்?" இடறும். தரையோடு தரையாகப் பதிக்கச் சொல்லியிருக்கிறோம்.

வார்டன் அம்மா தனியாகக் கூப்பிட்டார். புதுப் பகுதியின் கதவுக்கு நம்பர் பூட்டு. அவள் தை பிறந்ததும் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், இதே அறை. "எப்ப வேணா போய்ப் பாக்கலாம் சார்." இரண்டு தடவை தெருவரை போய்விட்டவள், பூட்டு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஓவர்சியராகக் கேட்டால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

நவம்பர் 15

சரி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 16

சரியா?

நவம்பர் 30, சனி

காற்று. புயல் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறும் என்கிறார்கள். தானே புயல் வந்த 2011 டிசம்பர் 30 நினைப்புதான் இங்கே எல்லாருக்கும். கூலியாட்களின் தகரக் கொட்டகை நிற்காது என்று சமையல் அக்கா யாரையும் கேட்காமல் சாப்பாட்டு ஹாலைத் திறந்து விட்டாள். பதினான்கு பேர், பாய், மூட்டை, ஒரு கைக்குழந்தை. வார்டன் அம்மா வந்து பார்த்தார், போர்வை எடுத்துவரச் சொன்னார்.

டிசம்பர் 1

கரண்ட் இல்லை. டீசலை அளந்து ஓட்டுகிறார்கள். நான்காம் அறைக்கு முதலில், பிறகுதான் மோட்டார். எலக்ட்ரீஷியன் பையன் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

டிசம்பர் 3, செவ்வாய்

சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஏறிவிட்டது. மேஸ்திரியின் ஊர் அந்தப் பக்கம்தான். போன் போகவில்லை. வேலையும் இல்லை, போகவும் வழியில்லை, வெராந்தாவில் குந்தியிருந்தார். ஒன்பது மணிக்கு அவராகவே எழுந்து வந்து மூன்று தட்டு தட்டினார். அவள், "சாப்ட்டியா?"

இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 5

மேஸ்திரி வீட்டில் எல்லாரும் பத்திரம். ஆடுகள் போய்விட்டன.

டிசம்பர் 16, திங்கள்

இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் சுவர் திறந்தாகிவிட்டது. ஆறு பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு செங்கல் இந்தப் பக்கம் விழவில்லை. ஆயாம்மா இருவரைக் கூட்டத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள், யார் எப்போது எந்த அறையில் இருப்பார்கள் என்று அவர்கள் சொன்னபடிதான் நேரம் குறித்தது. திறப்பு வழியாக மேஸ்திரி குனிந்து இந்தப் பக்கம் வந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு.

அவள் பார்த்தாள். "தட்டிட்டு வரக் கூடாதா?"

டிசம்பர் 18

நாளைக்குப் பூட்டு பொருத்துகிறார்கள். நம்பர் என்னவென்று கேட்டேன். அப்புறம் சொல்வதாகச் சொன்னார்கள்.