கண்ணாடி மாத்துங்கன்னாங்க, பார்த்தா ரெட்டினாவுல அடைப்பு

வலி இல்லைன்னு உண்மையைச் சொன்னதுதான் எனக்கு வினையாப் போச்சு. கண் ஆஸ்பத்திரி கவுன்டர்ல இருந்த அம்மா கேட்டது ரெண்டே கேள்வி, வலிக்குதா, கண்ணு சிவந்திருக்கா. ரெண்டும் இல்லைன்னேன். "அப்ப அவசரம் இல்ல சார், அடுத்த வாரம் வாங்க"ன்னு டோக்கன் எழுத ஆரம்பிச்சிட்டாங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து இடது கண்ணுல கீழ்ப்பாதி மங்கலா இருக்கு, வலது கண்ணை மூடிட்டு பேப்பரைப் பார்த்தா தலைப்பு தெரியுது, அதுக்குக் கீழ இருக்கற வரியெல்லாம் நெளியுதுன்னு சொல்றேன், காதுலயே வாங்கல. ரெட்டினா (விழித்திரை) ரத்தக்குழாய் அடைப்புல பெரும்பாலும் வலியே இருக்காதுங்கறது அந்த மேஜையில உட்கார்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?

அதுக்கு முன்னாடி கண்ணாடிக்கடை கூத்து வேற. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு பவர் ஏறியிருக்குன்னாங்க. எந்த லென்ஸ் போட்டாலும் அந்த எழுத்து நேராகலைன்னு சொல்லியும், "போடப் போடப் பழகிடும்"னு புது கண்ணாடிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டாங்க. இன்னொரு இடத்துல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு புரை ஆரம்பம்னு சொல்லி அனுப்பினாங்க. கண்ணு பாப்பாவைப் பெருசாக்குற சொட்டு மருந்து விட்டு உள்ள பார்க்கவே இல்ல. புரை மெதுவா வர்றது, ஒரே ராத்திரியில பாதிக் கண்ணை மறைக்காது. திடீர்னு ஒரு கண்ணு மட்டும் மங்கினா, சொட்டு விட்டு ரெட்டினாவைப் பார்க்காம இடத்தை விட்டுக் கிளம்பாதீங்க.

கடைசியில ரெட்டினா டாக்டர் ஒருத்தர் பார்த்து ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டார், மேல்பக்கக் கிளைச் சிரையில (ரத்தத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போற குழாயோட கிளை) அடைப்பு, ரெட்டினல் வெயின் அக்லூஷன்னு. ரெட்டினாவுல பிம்பம் தலைகீழா விழறதால, மேல அடைச்சதாலதான் பார்வையில கீழ்ப்பக்கம் மங்கியிருக்கு. ரெட்டினாவுல தமனியும் (ரத்தத்தைக் கொண்டு வர்ற குழாய்) சிரையும் ஒன்னை ஒன்னு தாண்டிப் போற இடத்துல ரெண்டுக்கும் ஒரே உறைதானாம், பிரஷர்ல தமனி வருஷக்கணக்கா இறுகி இறுகி பக்கத்துல இருக்கற சிரையை அமுக்கிடுது, ரத்தம் திரும்பிப் போக வழியில்லாம தேங்கிக் கசியுது, ரெட்டினாவோட நடுவுல, கூர்மையாப் பார்க்க உதவுற மாகுலாங்கற இடம் வீங்கிடுது. அந்த வீக்கம்தான் எழுத்தை நெளிய வைக்குது.

"எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி"ன்னேன். சிரிச்சுட்டார். ரெட்டினா ரத்தக்குழாய் நோய்கள்ல சுகரால வர்றதுக்கு அடுத்தபடி அதிகமா வர்றது இதுதானாம். 2015 நிலவரத்தை வச்சுப் போட்ட கணக்குல, 30லிருந்து 89 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல சுமார் 0.77 சதவீதம் பேருக்கு இருக்கு, உலகம் முழுக்க 2 கோடியே 80 லட்சம் பேர்! அதுல கிளைச் சிரை அடைப்புதான் அதிகம், நடுச் சிரை முழுசா அடைக்கறதைவிட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. இவ்ளோ பேருக்கு வர்ற ஒன்னை, நான் போன இடத்துல டாக்டரைத் தவிர யாரும் கேள்விப்பட்டதாவே தெரியல.

அடுத்து நடந்ததுதான் எரிச்சலின் உச்சம். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட பாருங்கன்னு வாயால சொல்லி அனுப்பிட்டாங்க. அங்க போனா, "கண்ணுல பிரச்சனைன்னா கண் டாக்டரைப் பாருங்க, இங்க எதுக்கு வந்தீங்க, லெட்டர் இருக்கா?" லெட்டருக்காகத் திரும்பிப் போனா ரெட்டினா டாக்டர் லீவு, அவர் சொல்லாம எழுத முடியாதாம். ஸ்கேன் காப்பியாவது குடுங்கன்னா அதுக்கும் அவர் கையெழுத்து வேணுமாம். பந்து மாதிரி உதைபட்டேன்.

ஒருவழியா லெட்டரோட போனப்ப பிரஷர் நார்மல்னு காட்டுது. அந்த டாக்டர் நல்லவேளை அதோட விடல, 24 மணி நேரமும் பிரஷர் பார்க்கற மெஷினைக் கட்டி அனுப்பினார். ராத்திரியில இறங்க வேண்டிய பிரஷர் இறங்கவே இல்ல! குறட்டை விடுவீங்களான்னு கேட்டார், நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வீட்டம்மா ஒரு புகார்ப் பட்டியலே படிச்சிட்டாங்க. தூக்கத்துல மூச்சு தடைபடறதும் இந்த அடைப்போட சேர்ந்து வர்ற விஷயமாம். மாத்திரை மாத்தியாச்சு, தூக்க டெஸ்ட்டும் எடுத்தாச்சு. இத்தனை அலைச்சல்ல உருப்படியா கிடைச்சது இதுதான்.

யாருக்கெல்லாம் வரும்னா, முதல்ல வயசு, அம்பது தாண்டினவங்கதான் அதிகம். அதுக்கப்புறம் பிரஷர். சுகர், கொலஸ்ட்ரால், சிகரெட்டும் உண்டு. க்ளகோமா (கண் அழுத்த நோய்) இருக்கறவங்க நடுச் சிரை அடைப்புக்கு ரொம்ப கவனமா இருக்கணும். சின்ன வயசுல வந்தா ரத்தம் உறையற கோளாறு இருக்கான்னு தேடுவாங்க, ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்ங்கற பொருளோட அளவைப் பார்ப்பாங்க, பெண்களா இருந்தா கருத்தடை மாத்திரை சாப்பிடறாங்களான்னு கேட்பாங்க. கேட்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.

ரத்தத்துல சாயம் ஏத்தி ரெட்டினாவைப் படம் எடுக்கற ஆஞ்சியோகிராம் அன்னைக்கு ஒரு நாளே வீண். துணைக்கு ஆள் இல்லாம சொட்டு விட மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, போன்ல கேட்டப்ப ஒரு வார்த்தை சொல்லல. சொட்டு விட்டா சில மணி நேரம் எல்லாமே மங்கலாத்தான் இருக்கும், வண்டி ஓட்ட முடியாது, ஆளைக் கூட்டிட்டே போங்க. அலர்ஜி, கிட்னி தொந்தரவு இருந்தா முன்னாடியே சொல்லிடணும். அப்புறம் உடம்பு லேசா மஞ்சளாகும், சிறுநீர் நல்ல ஆரஞ்சு கலர்ல போகும், ஒரு நாள்ல சரியாயிடும். எனக்கு யாரும் சொல்லாததால பாத்ரூம்ல அரை உசுரு போச்சு.

மாகுலா வீக்கம் குறைய கண்ணுல ஊசின்னதும் நடுங்கினேன், ஆனா மரத்துப்போற சொட்டு விட்டு நான் சுதாரிக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒரு தடவையோட முடியாது, மாசாமாசம் ஓசிடி (ரெட்டினா ஸ்கேன்) பார்த்துத்தான் அடுத்ததை முடிவு பண்றாங்க. ஊசிக்கப்புறம் வலியோ சிவப்போ ஏறிட்டே போனா, பார்வை குறைஞ்சா, அன்னைக்கே ஓடணும், உள்ள கிருமி தொத்தியிருக்கலாம். சொந்தக்காரர் ஒருத்தர் ஆஸ்பிரின் போட்டா அடைப்பு கரையும்னார், டாக்டர்கிட்ட கேட்டா அதெல்லாம் திறக்காது, நீங்களா எதையும் ஆரம்பிக்காதீங்கன்னுட்டார்.

மாகுலா தடிமன் ஐநூத்துச் சொச்சம் மைக்ரான்ல இருந்து முந்நூறுக்குப் பக்கத்துல வந்திருக்கு. அந்த நம்பர் இருக்கற பிரின்ட்டை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கி ஃபைல்ல வச்சுக்கறேன், இப்ப கவுன்டர்ல என்னைப் பார்த்தாலே எடுத்து நீட்டிடறாங்க. ரத்த ஓட்டம் ரொம்பக் குறைஞ்ச வகை அடைப்பா இருந்தா மாசக்கணக்குல கழிச்சுக்கூட புது ரத்தக்குழாய் முளைச்சு கண் பிரஷர் ஏறுமாம், அதனால தெளிவாத் தெரியுதுன்னு செக்கப்பை விட்டுடாதீங்க. இன்னொரு கண்ணுலயும் வர வாய்ப்பு உண்டு, ஒவ்வொன்னா மூடிப் பார்த்துக்கறேன்.

எங்க அண்ணனுக்கு பிரஷரும் இருக்கு, க்ளகோமாவும் இருக்கு. "எனக்கு நல்லாத்தான்டா தெரியுது"ன்னு இழுத்தார். அண்ணிகிட்ட சொல்லி அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, துணைக்கு அண்ணிதான் போறாங்க.