மாலை இரண்டும் ஒரே நீளம்

பூக்கடைக்காரரிடம் "கல்யாண மாலை ஒரு ஜோடி" என்று மட்டும் சொன்னால் ஒன்று தடியாகவும் மற்றது மெல்லியதாகவும் வந்து சேரும். தன்பாலின இணையரின் கல்யாணப் புகைப்படம் எடுப்பவருக்கு அங்கேயே கோளாறு தொடங்குகிறது: தடி மாலை போட்டவர் படத்தில் மாப்பிள்ளை ஆகிவிடுவார். நீளமும் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இங்கே மொரீஷியஸில் இவர்கள் கல்யாணத்துக்குப் பதிவு கிடையாது. 1838 குற்றவியல் சட்டத்தின் 250ஆம் பிரிவு, வயதுவந்த ஆண்கள் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்தது, அதோடு சரி. பக்கத்து ரீயூனியன் தீவில் பிரெஞ்சுச் சட்டப்படி 2013 முதல் பதிவு உண்டு. சொத்து விஷயத்துக்கு நோட்டரியைத்தான் பார்க்க வேண்டும், ஆல்பம் உதவாது.

நிற்கவைப்பதிலும் பழைய பழக்கம் குறுக்கே வரும். மணப்பெண் வலப்பக்கம் உட்கார்ந்து, தாலி ஏறியபின் இடப்பக்கம் மாறுவது நம் வழக்கம். அதனால் எந்தப் பக்கம் என்பதற்கே அர்த்தம் உண்டு. ஒவ்வொரு நிலையையும் பக்கம் மாற்றி இருமுறை எடுத்துவிடுங்கள், தேர்வை அவர்களிடம் விடுங்கள். உயரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் படிக்கட்டில் உயரமானவரை ஒரு படி கீழே உட்கார வையுங்கள். 85 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டர் தூரத்தில் லென்ஸ் துளையை எஃப்/1.8 என்று அகலமாக வைத்தால் தெளிவாக விழும் ஆழம் 13 செ.மீ. போலத்தான், ஒரு முகம் மங்கிவிடும். எஃப்/4 பாதுகாப்பு.

இரண்டு வெள்ளை வேட்டி கேமராவை ஏமாற்றி முகங்களைக் கருக்கும். ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளவெடுங்கள். இரண்டு சிவப்புப் பட்டு என்றால் தோள் சேரும் இடத்தில் புடவைகள் ஒன்றாகக் கரைந்துவிடும்; ஒருவரின் ஜரிகைக் கரையை அந்த இடத்தில் வையுங்கள். மாலை வெயிலில் சிவப்பு மட்டும் அளவு மீறி நுணுக்கம் இழக்கும், ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடத்தை) நிறவாரியாகப் பாருங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று பலம். மேற்குக் கரையில் ஃப்ளிக் அன் ஃப்ளாக் கடற்கரைப் பக்கம் சற்று அடங்கியிருக்கும். ஜூலையில் சூரியன் அங்கே 5.45 வாக்கில் இறங்கும். சவுக்கு மர நிழலில் முகத்தில் வெயில் புள்ளி விழும், தவிர்க்கவும். மாலை மாற்றும்போது இருவரும் ஒரே நேரத்தில் கை தூக்கினால் முழங்கை முகத்தை மறைக்கும். ஒருவர் பின் ஒருவராகச் செய்யச் சொல்லுங்கள்.

படக் கோப்புதான் பெரிய தலைவலி. குடும்பத்துக்குத் தெரியாத ஜோடிக்கு ஒரு படம் கசிந்தாலே போதும். இங்கே 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாலியல் நாட்டம் சிறப்பு வகைத் தரவு. சம்மதத்தை எழுத்தில், இருவரிடமும் தனித்தனியாக வாங்குங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் வெளியே போகாது, உங்கள் விளம்பரத்துக்கும் கிடையாது. எடுத்த இடத்தைப் படத்தோடு பதியும் ஜிபிஎஸ்ஸை முன்கூட்டியே அணையுங்கள். போனின் தானியங்கி கிளவுட் சேமிப்பை மறப்பவர்கள் அதிகம். உதவியாளரின் போனையும் பாருங்கள். முகம் தெரியாத தொகுப்பு ஒன்றும் எடுத்து வையுங்கள்: கைகள், முதுகு, தாலி முடிச்சு. அதிலும் கார் நம்பர், மருதாணியில் எழுதிய பெயர், பித்தளை விளக்கில் தெரியும் முகம் இவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். ஸ்டூடியோ பிரதியை எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்பதும் அந்தச் சம்மதத் தாளிலேயே இருக்கட்டும்.