முரசை எங்கே ஒளித்தார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ், இறந்தவர்களை நினைந்து பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய ‘ஜெர்மன் ரெக்குவியம்’ புதிய ஒலிப்பதிவாக மதிப்புரைக்கு வந்தால், நான் முதலில் போடுவது மூன்றாம் பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களை. நடுவில் புகுந்து கேட்பதா என்று சக விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள். ஏழு பகுதிகளையும் முழுதாகக் கேட்காமல் நான் ஒரு வரி எழுதுவதில்லை. ஆனால் எதை முதலில் கேட்பது என்பது என் இஷ்டம்.

பிரபலமான படைப்பை மதிப்பிடுவதில் பெரிய தொல்லை, நம் காது ஏற்கெனவே ஏதாவது ஒரு பதிவுக்கு வாக்கப்பட்டிருக்கும் என்பதுதான். இசைக்குழு நடத்துநர் ஓட்டோ கிளெம்பரரின் 1961 பதிவு பலருக்கு இன்றும் வேதவாக்கு. இன்னொரு நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் பழங்காலக் கருவிகளோடு செய்த பதிவில் பழகியவர்களுக்கோ கிளெம்பரரின் பதிவு கனம். ஆகவே ‘வேகம் அதிகம்’, ‘இழுக்கிறது’ என்று எழுதுவதை நான் நிறுத்தி வெகுகாலமாயிற்று. அது பெரும்பாலும் எழுதுபவரின் அலமாரியைப் பற்றிய செய்தி.

மூன்றாம் பகுதியின் முடிவில் அப்படித் தப்பிக்க முடியாது. ‘நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருக்கின்றன’ என்ற வரியைப் பாடகர் குழு ஃபியூக்காகப் பாடுகிறது. ஒரு குரல் தொடங்க, அடுத்தது அதே வரியோடு பின்னால் வர, நான்கும் பின்னிக்கொள்கின்றன. அடியில் டபுள் பாஸ் என்ற தாழ்குரல் தந்திக்கருவியும் டிம்பனி முரசும் ‘டி’ என்ற ஒரே சுரத்தை 36 தாள அளவுகளுக்கு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தம்புரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் தம்புரா பாட்டோடு இசைந்து போகும். இந்த ‘டி’ பல இடங்களில் மேலே நடப்பதோடு உரசும். உரசினாலும் நகராது. கடவுளின் கை என்று பாடுகிறார்களே, என் காதுக்கு அந்தக் கை இதுதான்.

இதைச் சரியாக ஒலிக்கவைப்பது எளிதல்ல. 1867 டிசம்பர் 1 அன்று வியன்னாவில் முதல் மூன்று பகுதிகள் மட்டும் அரங்கேறியபோது, முரசுக்காரர் அடித்த அடியில் ஃபியூக் மூழ்கிப்போனது. கைதட்டலுக்கு நடுவே சீறல் ஒலியும் எழுந்தது. சுரங்கப்பாதைக்குள் கடகடவென ஓடும் விரைவு ரயிலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்ததாக எழுதினார் விமர்சகர் ஹான்ஸ்லிக். இத்தனைக்கும் அவர் பிராம்ஸின் நண்பர். அடுத்த ஏப்ரலில், புனித வெள்ளியன்று ஜெர்மனியின் பிரெமன் நகரத் தேவாலயத்தில் பிராம்ஸே நடத்தியபோதுதான் படைப்புக்கு உரிய வரவேற்பு கிடைத்தது.

அண்மையில் என்னிடம் வந்த பதிவில் அந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. ஆல்ட்டோக்கள் (தாழ்ந்த பெண்குரல்கள்) நுழையும் இடம், டெனர்கள் (உயர்ந்த ஆண்குரல்கள்) மூச்சு வாங்கும் இடம் எல்லாம் துல்லியம். முரசைத்தான் காணோம். ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேட்டால், தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுவதுபோல் ஒரு முனகல். நடத்துநரே மெல்ல அடிக்கச் சொல்லியிருப்பாரோ என்று இரண்டாம் பகுதிக்குப் போனேன். அங்கே அதே முரசு மிக மெல்லிய இடத்திலும் அடி அடியாகக் கேட்கிறது. குச்சி தோலில் படுவதுகூடத் தெரிகிறது. ஆகவே மூன்றாம் பகுதியில் முரசைத் தணித்தது பதிவுக்கூடத்தின் ஒலிக்கலவை மேஜையில் இருந்த கைதான் என்பது என் ஊகம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். ஆசிரியர் குழுவில் உள்ள இளம்பெண் கேட்டார்: “சார், எல்லாம் தெளிவாகக் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் மூன்று?”

“முரசைத் தூக்கிவிட்டால் யாருக்குத்தான் தெளிவு வராது?”

“வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல்தானே, சார்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீழ்ச் சுரங்கள் சின்ன ஸ்பீக்கரில் குழம்பித்தான் போகும். பதிவுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இருந்தே தீரும். ஆனாலும் வியன்னாவில் முரசு ஃபியூக்கை விழுங்கியது விபத்து. இங்கே ஃபியூக்குக்காக முரசை விழுங்கியிருப்பது யோசித்துச் செய்த காரியம். அதற்கு நான்காவது நட்சத்திரம் கொடுக்க மனம் வரவில்லை. ஐந்தாம் பகுதியில் தனியாகப் பாடும் சொப்ரானோவின் (உயர்ந்த பெண்குரல்) குரலையும், வயலின்களே இல்லாத முதல் பகுதியின் கருமையான நிறத்தையும் தாராளமாகவே பாராட்டியிருந்தேன்.

இதழ் வெளியான அடுத்த மாதம், பதிவை வெளியிட்ட நிறுவனத்தின் விளம்பரத்தில் என் மதிப்புரையிலிருந்து இரண்டே சொற்கள் இருந்தன: ‘அபாரமான தெளிவு’.