சில்லர் ஆடிட்டில் தேறிய கதை

சிங்கப்பூரில் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகக் கட்டடத்தில் பழைய சில்லர்களை (ஏசிக்கான நீரைக் குளிரவைக்கும் இயந்திரங்களை) மாற்றிய பிறகு, 3 ஆண்டுக்கு ஒருமுறை கூலிங் பிளான்ட்டுக்கு ஆடிட் வருகிறது. நோட்டீஸ் அனுப்புவது பிசிஏ, அதாவது கட்டட, கட்டுமான ஆணையம். 2030க்குள் மொத்தத் தளப்பரப்பில் 80% பசுமைக் கட்டடங்களாக வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. இங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவில் தயாராகிறது. அதனால் ஏசியில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் கார்பன் கணக்கில் குறையும்.

புது சில்லர்தானே, கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார்கள் என்று மேலாளர் நினைத்தார். வந்த எனர்ஜி ஆடிட்டர் சில்லரை அதிகம் பார்க்கவே இல்லை. முதலில் கேட்டது ஹீட் பேலன்ஸ். கட்டடத்திலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரஸர் தின்ற மின்சாரமும் சேர்ந்து, வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கூலிங் டவருக்குப் போகும் வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும் அளவுகளில் குறைந்தது 80% இடங்களில் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு இரவில் சரியாக வந்தது, பகலில் எகிறியது.

தேடித் தேடிப் பார்த்ததில், கூலிங் டவருக்கு வெப்பத்தைத் தள்ளும் கன்டென்ஸர் பக்கத்து ஃப்ளோ மீட்டர் (நீரோட்டத்தை அளக்கும் கருவி) எல்போவை, அதாவது குழாய் வளைவை, ஒட்டி மாட்டியிருந்தது. நேரான குழாய் போதிய நீளத்துக்கு இல்லாவிட்டால் நீர் சுழன்று ஓடும், அளவு பொய் சொல்லும். மாட்டிய ஒப்பந்ததாரரிடம் கேட்டால் "டிராயிங்ல அப்படித்தான் இருக்கு" என்றார். சரி, இடம் மாற்ற வேண்டியதுதான். ஆட்கள் இல்லாத ஞாயிறு இரவில் தண்ணீரை வடித்து, குழாயை வெட்டி வேறிடத்தில் மாட்டினோம்.

கணக்கு நேரானதும்தான் உண்மையான நோய் தெரிந்தது. 7 டிகிரியில் அனுப்பும் நீர் 10 டிகிரியில் திரும்பிக்கொண்டிருந்தது. குறைந்தது 12ஆவது வர வேண்டும். மாடிகளில் குளிர்காற்றை ஊதும் ஏஹெச்யு கருவிகளின் வால்வுகள் பல முழுக்கத் திறந்தபடி சிக்கிக் கிடந்தன. குளிர்நீர் வேலை செய்யாமலே சுற்றி வர, பம்புகள் முழு வேகத்தில் ஓடின. வால்வுகளைச் சரிசெய்தபின் பம்ப் வேகத்தை விஎஸ்டியில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) 80 சதவீதத்துக்கு இறக்கினோம். வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப மின்சாரம் மாறுவதால், பம்பின் செலவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஒரு டன் குளிருக்கு (டன் என்பது இங்கே எடையல்ல, குளிரூட்டும் திறனின் அளவு) 0.8 கிலோவாட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்த பிளான்ட் 0.7க்குக் கீழே வந்தது.

வாடகைதாரர்களைச் சம்மதிக்க வைத்ததுதான் இதைவிடக் கஷ்டம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 21 டிகிரி வைத்து ஸ்வெட்டர் போடுகிறார்கள்! 24க்கு ஏற்றினால் புகார் மெயில். மாடி மாடியாக, வாரத்துக்கு அரை டிகிரியாக ஏற்றினோம். கடைசியில் ஒரே ஒரு நிறுவனம் மட்டும் முறைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கட்டடத்துக்கும் ஆடிட் வருகிறதென்றால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் ஃப்ளோ மீட்டருக்கு முன்னும் பின்னும் நேரான குழாய் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அப்புறம் சென்சார்களின் கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ்களை எடுத்து வையுங்கள். ஆடிட்டர் அடுத்துக் கேட்பது அதைத்தான்.