மடுக்கோவிலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் மன்னார்ப் பக்கக் காட்டுக்குள் இருக்கும் கத்தோலிக்க மாதா கோவில்தான் மடுக்கோவில். மடுத் திருவிழாவுக்குப் போவது வேறு, மடுக்கோவிலைப் பார்க்கப் போவது வேறு. யூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய இரண்டு பெருநாள்களிலும் காடு முழுக்கக் கூடாரம், சனம்; முகப்பே தலைகளுக்கு மேலாகத்தான் தெரியும். கட்டடத்தையும் சுருவங்களையும் (திருச்சிலைகளையும்) ஆறுதலாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதங்களைத் தவிர்த்து, ஒரு கிழமை நாளில், காலைப் பூசை முடிந்த கையோடு உள்ளே நில்லுங்கள்.

வவுனியாவிலிருந்து வருகிறவர்கள் பறையனாலங்குளம் வந்து மன்னார் வீதியில் ஏறி, மடுச் சந்தியில் உள்ளே திரும்ப வேண்டும். அங்கிருந்து கோவிலுக்குச் சுமார் 12 கிலோமீற்றர். தலைமன்னார் ரயிலில் வந்தால் மடு வீதி நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். சுற்றிலும் யானைக் காடு. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் பொழுது சாயும் முன்பே பெரிய வீதிக்கு வந்துவிட வேண்டும். ஆடி ஆவணியில் சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும். தண்ணீர் போத்தல் ஆளுக்கு இரண்டாவது வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுதல் இரண்டும் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோவிலுக்குள் ஓடிப் போகாதீர்கள். முதலில் முற்றத்தில் தூரத்தில் நின்று, மரங்களையும் சேர்த்துக் கட்டடத்தைப் பாருங்கள். மருத மரமும் மடுவும் சேர்ந்ததுதான் மருதமடு; நீர் நின்ற காட்டுப் பள்ளம். இப்போதைய கோவிலை 1872இல் ஆயர் பொன்ஜீன் ஆண்டகை தொடங்கினார். முகப்பும் குருமார் தங்கும் குருமனையும் லூர்து மாதாவின் கெபியும் (குகைக் கோவிலும்) பின்னர் மசியே சுவாமியார் கைப்பட வந்தவை. அபிஷேகம் நடந்தது 1944இல். ஆக, தொடக்கத்துக்கும் அபிஷேகத்துக்கும் இடையில் 72 ஆண்டுகள். முகப்பைப் பார்த்த பிறகு பக்கவாட்டிலும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். முகப்பு ஒருவர் மனதிலும் உடல் இன்னொருவர் மனதிலும் பிறந்தவை என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் கண் தானாகவே இரண்டையும் ஒப்பிடத் தொடங்கும்.

உள்ளே போனதும் நேரே பீடத்துக்குப் போகாமல் கடைசி வாங்கில் ஐந்து நிமிடம் இருங்கள். வெளி வெயிலில் சுருங்கிய கண் தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும். படம் எடுக்கிறவர்கள் தவறுவதும் இங்கேதான்: வந்த வேகத்தில் போனைத் தூக்கினால், வெளிச்சம் யன்னலில் வெளுத்துப் போய்ப் பீடம் கறுத்துவிடும். திரையில் பீடத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தை அதற்கு அளவெடுத்துக்கொள்ளுங்கள். பிளாஷ் வேண்டாம், பூசையோ செபமாலையோ நடக்கும்போது படமே வேண்டாம்.

பிறகு மாதாவிடம் போங்கள். இவ்வளவு பெரிய கோவிலின் நடுப்புள்ளி கையால் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சுருவம். அது அப்படி இருந்ததால்தான் இன்றும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கருக்கு நெருக்கடி வந்தபோது, 1670இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன என்பது வழிவழியாகச் சொல்லும் வரலாறு. 2008 ஏப்ரிலில் சண்டை நெருங்கியபோது குருமார் அதே சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. இடையில் 1999 நவம்பரில், இங்கே தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்து 40 பேரளவில் இறந்தார்கள். அந்தத் தரையில்தான் நிற்கிறோம் என்பதை மறந்து சுருவத்தின் அழகை மட்டும் பார்க்க முடியாது.

மாதாவின் தலையில் உள்ள கிரீடத்தையும் கவனியுங்கள். பாப்பரசரின் அனுமதியோடு 1924 யூலை 2இல் முடிசூட்டு விழா நடந்தது. யூலைத் திருவிழா நாளும் அதுவே.

வெளியே வந்து லூர்து கெபிக்குப் போகாமல் திரும்பாதீர்கள். மடுவில் கலையைப் படிக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. பீடத்தில் இருப்பவள் குழந்தை இயேசுவை ஏந்திய தாய். லூர்து மாதாவின் கையில் குழந்தை இல்லை: கை கூப்பி, வெள்ளை உடுத்து, இடுப்பில் நீலக் கச்சை, கையில் செபமாலை. 1858இல் பிரான்சின் லூர்து குகையில் பெர்னதெத் கண்டதாகச் சொன்ன உருவம் அது. கால்களைக் குனிந்து பாருங்கள். லூர்து மாதாவுக்குப் பாதத்தில் மஞ்சள் ரோசாப்பூ வைப்பது மரபு. அந்தக் குகை வன்னிக் காட்டுக்குள் எப்படி வந்தது என்றால், இங்கே பணிசெய்த அமலமரித் தியாகிகள் 1816இல் பிரான்சில் தொடங்கிய சபையினர். மாந்தை மாதா ஒரு காலத்தின் பக்தி, கெபி மாதா இன்னொரு காலத்தின் பக்தி. இரண்டையும் ஒரே காலையில், இருநூறு ஆண்டுக்கும் மேலான இடைவெளியை மனதில் வைத்துப் பார்க்கலாம்.

போகும்போது கொஞ்சம் மடு மண் எடுத்துப்போவது வழக்கம். விஷக்கடிக்கு அது காவல் என்று கத்தோலிக்கர், சைவர், பௌத்தர் எல்லோரும் நம்பி எடுப்பார்கள். ஒரு சிட்டிகை போதும், கடதாசியில் மடித்துக்கொள்ளலாம். புடையன் பாம்பு கடித்தால் மண்ணும் கையுமாக நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.