காரைக்குடியில் விஸ்காம் படிப்பது

விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல் படிக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பலர் நம்புகிறார்கள். காரைக்குடியை ஒட்டிய சிறிய தனியார் கல்லூரியொன்றில் படிக்கும் நான் அதை ஏற்கவில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஸ்டூடியோ அமைத்து, 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை எடுத்தது இதே ஊரில்தான்.

எங்கள் துறையில் கேமராவும் குறைவு, மாணவரும் குறைவு. அதனால் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் அனைத்தையும் எல்லோரும் மாறி மாறிச் செய்தே ஆக வேண்டும். இதை நான் பெரும்பேறாகவே கருதுகிறேன்.

ஆத்தங்குடிக் கல் எனப்படும் தரை ஓட்டின் தயாரிப்பைப் படம்பிடித்தபோது, கண்ணாடிமேல் வைத்த அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணல் கலவையைத் தூவிய கை, நாங்கள் ஃபோகஸ் வைப்பதற்குள் அடுத்த கல்லுக்குப் போய்விட்டது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மெருகாகிறது என்பதால், கல் இறுகியபின் கண்ணாடியைப் பிரிக்கும் கணந்தான் அந்தப் படத்தின் உயிர்.

ஒலிதான் கடினம். நகரத்தார் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஆச்சி ஒருவரைப் பேட்டி கண்டபோது, சுண்ணாம்புச் சுவர்களும் வெறுந்தரையும் குரலை எதிரொலித்துக் குழப்பின. ஆசிரியர் ஜமுக்காளங்களை விரிக்கச் சொல்லி, காலர் மைக்கை நெருக்கி மாட்டிய பிறகே பேச்சு துலங்கியது. ஒலிப்பதிவுக்கான வகுப்பு நேரத்தைக் கூட்டும்படி துறையிடம் கேட்டிருக்கிறோம்.