எம்டனோடு இரண்டு மாதம்

செப்டம்பர் 10, 2024

இன்றிலிருந்து இரண்டு மாதம் ஒரு கப்பலின் பின்னாலேயே போகப் போகிறேன். முதல் உலகப் போரில், 1914-இல் இதே தேதியில்தான் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வங்காள விரிகுடாவில் தன் முதல் கப்பலைப் பிடித்தது. நவம்பர் 9-ஆம் தேதி அதன் கதை முடிந்தது. அந்தந்தத் தேதியில் அது எங்கே இருந்தது, என்ன செய்தது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும்.

இந்தப் பெயர் எனக்குக் கப்பலாக அறிமுகமாகவில்லை. எங்கள் ராயபுரம் வீட்டில் அது ஒரு வசவு. அப்பா காசை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு அப்பாவி முகத்தோடு உட்கார்ந்தால், ஆயா, "இவன் சரியான எம்டன்" என்று சொல்வாள். பிறகு நானே முப்பது வருஷம் கப்பல் என்ஜின் ரூமில் ஃபிட்டராக இருந்தேன். அப்போதுதான் அந்த வசவுக்குப் பின்னால் இருந்த இரும்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

இன்று பிடிபட்டது பொந்தோபொரோஸ் என்ற கிரேக்கக் கப்பல். அதில் 6,500 டன் நிலக்கரி இருந்தது, ஆங்கிலேயருக்காகப் போய்க்கொண்டிருந்த சரக்கு. எம்டன் அதை மூழ்கடிக்காமல் கூடவே கூட்டிக்கொண்டது. ஏன் என்று என்ஜின் ரூம்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் 12

ஜாதகம் கொஞ்சம். எம்டன் டான்சிக் கட்டுமானத் துறையில் பிறந்தது. அந்த ஊர் இப்போது போலந்தில் கிடான்ஸ்க். 1908 மே மாதம் தண்ணீரில் இறங்கி, 1909 ஜூலையில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 118 மீட்டர். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, டார்பிடோ குழாய்கள் இரண்டு. மணிக்கு 23 கடல் மைலுக்கு மேல் ஓடும்.

அதன் உடன்பிறப்பு டிரெஸ்டனுக்கு டர்பைன் வைத்தார்கள். எம்டனுக்குப் பழைய பிஸ்டன் என்ஜின்தான். ஜெர்மன் கடற்படையில் அந்த வகை என்ஜினோடு கட்டிய கடைசி குரூசர், அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல், இதுவே. பன்னிரண்டு பாய்லர்கள், எல்லாம் கரியில் எரிந்தவை. நிரம்ப அடைத்தால் எண்ணூறு டன் அளவுக்குக் கரி பிடிக்கும். வேகம் கூட்டினால் அது கண்ணெதிரே கரையும்.

1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, அப்புறம் ஜெர்மனியைப் பார்க்கவே இல்லை. சீனாவில் சிங்தாவோதான் அதற்கு வீடு. வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்ததால் 'கிழக்கின் அன்னம்' என்று பெயர். 1911-இல் பசிபிக் கடலின் பொனாப்பே தீவில் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்களை ஒடுக்கப் போன கப்பல்களில் இதுவும் ஒன்று. அன்னம் என்று எழுதுகிற கை இதையும் எழுத வேண்டும். 1913-இல் கார்ல் ஃபான் முல்லர் தலைவராக வந்தார்.

போர் தொடங்கியதும் ஜெர்மன் கப்பல்கள் பசிபிக் கடலின் பகான் தீவில் கூடின. அட்மிரல் ஃபான் ஸ்பே எல்லாவற்றையும் தென் அமெரிக்கா பக்கம் கூட்டிப்போக முடிவெடுத்தார். ஒரு கப்பலை மட்டும் இந்தியப் பெருங்கடலுக்கு விட வேண்டும் என்று முல்லர் கேட்டார். ஒத்துக்கொண்டார்கள். மார்கொமானியா என்ற கரிக் கப்பல் துணைக்கு வந்தது.

செப்டம்பர் 14

நான்கு நாளில் வரிசையாக இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமாட். இண்டஸில் சோப்பு மூட்டை மூட்டையாக இருந்ததாம். கரி அள்ளுகிற ஆட்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு எது? டிப்ளமாட் முழுக்கத் தேயிலை. அத்தனையும் கடலில் கரைந்தது.

அடுத்துப் பிடிபட்ட கபிங்கா என்ற கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள், சரக்கும் அமெரிக்கர்களுடையது. முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. பிடித்த கப்பல்களின் ஆட்களையெல்லாம் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். போகிறவர்கள் எம்டனைப் பார்த்து ஆரவாரம் செய்தார்களாம். சொந்தக் கப்பலை இழந்தவர்கள் அப்படிச் செய்ய வேண்டுமென்றால், அந்த மனிதர் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும்!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்றைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பாய்லருக்கு முன்னால் வெந்தவர்களில் நிறையப் பேர் லஸ்கர்கள், அதாவது கூலிக்குப் போன நம் நாட்டு மாலுமிகள். வெள்ளைக்காரக் கேப்டன்கள் என்ன சொன்னார்கள் என்பது வரலாற்றில் இருக்கிறது. படகில் இறக்கிவிடப்பட்ட லஸ்கர் என்ன நினைத்தான் என்பதை நான் எங்கும் படிக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று சாயங்காலம் உயர்நீதிமன்றம் பக்கம் நடந்தேன். விடுமுறை, கூட்டம் இல்லை. கிழக்குச் சுற்றுச்சுவரில் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. எம்டனின் குண்டு விழுந்த இடம். தினம் ஆயிரம் பேர் கடக்கிற இடத்தில் இன்று நான் ஒருவன்தான் நின்று படித்தேன்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போது கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேல்தான், அதுவும் எரிந்தது. சென்னை தானே வழி காட்டியது. எம்டன் கரையிலிருந்து மூவாயிரம் கெஜம் அளவுக்கு வந்து தேடுவிளக்கைப் போட்டது. குறி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்தில் சுமார் 125 குண்டுகள். மூன்றரை லட்சம் காலன் அளவுக்கு எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலில் மாலுமிகள் செத்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டன, எம்டன் மேல் ஒன்றும் படவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது.

ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. சத்தத்தைவிட வெளிச்சம்தான் அவளுக்கு ஞாபகம். "ராத்திரியில பகல் மாதிரி செவப்பா இருந்துச்சு. உங்க கொள்ளுத் தாத்தா குண்டானைத் தலையில வச்சுக்கிட்டு மேற்கால நடன்னாரு" என்பாள். ஊரே அப்படித்தான் நடந்தது. அடுத்த நாட்களில் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. குண்டுகள் செய்த சேதத்தைவிட, வெள்ளைக்காரன் கடலைக் காவல் காக்கிறான் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி பெரிது. முல்லரின் நோக்கமும் அதுவே.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் தமிழில் குடியேறியது. மலையாளத்தில் பெரிய ஒன்றை 'எமண்டன்' என்பார்கள், அதுவும் இதே கப்பல்தான் என்று சொல்கிறார்கள்.

செப்டம்பர் 25

நேற்று டீக்கடையில் எம்டன் பேச்சு. பழைய நண்பர் ஒருவர், "செண்பகராமன் பிள்ளைதானே அதில் வந்து குண்டு போட்டார்" என்றார். நானும் பல வருஷம் அதை நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் தேதிகள் ஒத்துழைக்கவில்லை. செண்பகராமன் 1914-இல் ஐரோப்பாவில் இருந்தார், முதலில் சூரிச், அப்புறம் பெர்லின். எம்டனோ 1910-க்குப் பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. அவர் எந்தத் துறைமுகத்தில் ஏறியிருக்க முடியும்?

நண்பருக்கு வருத்தம். அவரைக் கப்பலில் ஏற்றாமலே மதிக்கலாம் என்றேன். அந்நிய மண்ணில் இந்திய விடுதலைக்கு அமைப்பு தொடங்கியவர். 1934-இல் பெர்லினில் இறந்தார். அவருடைய அஸ்தி 1966-இல் ஐ.என்.எஸ். டெல்லியில் கொச்சிக்கு வந்தது. அதுவும் ஒரு குரூசர். அந்தப் பயணம் நிஜமாக நடந்தது.

அக்டோபர் 10

இலங்கைக்கு மேற்கே இன்னும் பல கப்பல்கள். எனக்குப் பிடித்தது புரெஸ்க். அதில் கார்டிஃப் கரி. இந்தியக் கரி புகையும் சாம்பலுமாகக் கக்கும், தொடுவானத்துக்கு அப்பாலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். கார்டிஃப் கரி சுத்தமாக எரியும். ஒளிந்து வாழ்கிற கப்பலுக்கு அது உயிர்.

இந்த நாட்களில் எம்டன் இந்தியப் பெருங்கடல் நடுவில் உள்ள டியகோ கார்சியா தீவில் நின்றது. தீவுக்காரர்களுக்குப் போர் தொடங்கியதே தெரியாது! தபால் கப்பல் வந்து பல மாதம். ஜெர்மானியர்களும் சொல்லவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் முடிந்த மட்டும் சுரண்டினார்கள். அடிப்பாகம் பாசி பிடித்தால் அதே கரிக்கு வேகம் குறையும். போன வாரம் அந்தத் தீவு இருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுப்பதாக பிரிட்டன் அறிவித்த செய்தியைப் படித்தபோது, அந்தக் காயலில் சாய்ந்து நின்ற எம்டன்தான் கண்ணில் வந்தது.

அக்டோபர் 16

இரண்டு நாளாக மழை. மின்சாரம் இல்லை. ஒன்றும் படிக்கவில்லை.

அக்டோபர் 28

பினாங்கு. விடியும் முன் எம்டன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் குரூசர் யார்மவுத்துக்கு நான்கு. அதனால் பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டியிருந்தார்கள். உள்ளே ரஷ்யக் குரூசர் ஜெம்சுக், அதன் தலைவர் கரையில் தூங்கிக்கொண்டிருந்தார். எம்டன் ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டு டார்பிடோ விட்டது. இரண்டாவதில் ஜெம்சுக் பிளந்துபோனது. 1905-இல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் தப்பிய கப்பல் அது. வெளியே வரும்போது மூஸ்கே என்ற சிறிய பிரெஞ்சுக் கப்பல் எதிர்ப்பட்டது. அதையும் மூழ்கடித்து, மிதந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தந்திரம் என்று மெச்ச மனம் வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் எண்பது பேருக்கு மேல் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 9, சனி

கோகோஸ் தீவுகள். தந்தி நிலையத்தை உடைக்க எம்டனின் துணைத் தலைவர் ஃபான் மியூக்கே ஐம்பது பேரோடு இறங்கினார். கம்பத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம் நிலையத்து ஆட்கள். அப்படியே செய்தார்கள். ஆனால் அதற்குள் 'விசித்திரக் கப்பல்' என்று கம்பியில்லாத் தந்தி போய்விட்டது. ஐம்பது அறுபது மைல் தள்ளி ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய பெரிய கப்பல் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதன் காவலிலிருந்து சிட்னி என்ற குரூசர் பிரிந்து வந்தது.

முதல் அடி எம்டனுடையதுதான். ஆனால் சிட்னியின் ஆறு அங்குலக் குண்டுக்கு முன்னால் அது எத்தனை நேரம் தாங்கும்? புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. படிக்கிறவர்கள் இந்த வரியைச் சும்மா தாண்டிவிடுவார்கள். என்னால் முடியவில்லை. புகைபோக்கி போனால் காற்று இழுக்காது. எவ்வளவு கரி போட்டாலும் நெருப்பு கிளம்பாது, புகை உள்ளேயே திரும்பும், அளவுமானியில் நீராவி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த நிலையிலும் கீழே இருந்தவர்கள் கரி தள்ளினார்கள். அதனால்தான் முல்லரால் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்ற முடிந்தது. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். சிட்னியில் நான்கு பேர்.

மியூக்கேயின் ஆட்கள் அயேஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு தப்பி, சுமத்ரா, ஏமன் என்று சுற்றி 1915-இல் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். முல்லர் கைதியாகி, 1923-இல் காலமானார்.

நவம்பர் 11

தங்கை மகன் சிட்னியில் இருக்கிறான். ஹைட் பூங்காவில் எம்டனின் பீரங்கி ஒன்று வைத்திருக்கிறார்கள், போய்ப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருந்தேன். இன்று வந்தது, ஆறு படங்கள். "மாமா, ஏன் பின்பக்கத்தை இத்தனை தடவை எடுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கையால் அரம் போட்ட மாதிரி ஒரு ஓரம் தெரிகிறது. நாளை போன் செய்து, அந்த இடத்தை மட்டும் இன்னும் கிட்டப் போய் எடுக்கச் சொல்ல வேண்டும்.